தேசப்பனுக்கு ஜன்னல் சீட்

ஏழு கிலோதான் என்றது டிக்கெட்.
ஏழு கிலோ எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்:
காசிமேட்டில் இறங்கும் சுமாரான ஒரு வஞ்சிரம்.
கீழ்வீட்டு ஜெனோவா மீன் தராசைத் தூக்கி வந்தாள்.
பை ஆறு எண்ணூறு.
"இன்னும் இரநூறு கீது, பருப்புப்பொடி வை" என்றாள்
வியாபாரம் பேசுகிற அதே குரலில்.
அன்றிலிருந்து எத்தனை முறை துவைத்தாலும்
பைக்கு லேசாக ஒரு கடல் வாடை.

இது போன வாரம்.
தொடங்கியது ஆடியில்.

ஏலச்சீட்டு அறுபதாயிரம்.
தள்ளி எடுத்தேன், கைக்கு வந்தது நாற்பத்தொன்பது.
"மொட்டை மாடிக்கு ஷீட் போட்டுடலாம்" என்றார் தேசப்பன்.
"பாங்காக்" என்றேன்.
பெயரில் தேசத்தை வைத்துக்கொண்டு
தடா தாண்டி ஒரு ராத்திரி தங்காத மனிதர்
டீ ஆறும்வரை பேசவில்லை.

கேட்டவர்கள் சிரித்தார்கள்.
ஸ்டான்லியில் என்னோடு நைட் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி,
அவருடைய ஹார்பர் ஆட்கள் வேறு மாதிரி.
"பொண்டாட்டியக் கூட்டிக்கினா பாங்காக் போற?" என்று
ஷிப்ட் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள்.
"அவதான் என்னக் கூட்டிக்கினு போறா" என்றாராம்.
அதை எனக்குச் சொல்லும்போது
காது சிவந்திருந்தது.

யூரியா, கிரியாட்டினின் என்று அச்சடித்த தாளின்
பின்பக்கத்தில் கணக்கு.
விமானம், போக வர, இரண்டு பேர்: இருபத்தேழு.
அறை: ஏசி வேண்டாம், ஃபேன் போதும்.
மே மாதம் கொருக்குப்பேட்டையில்
கரண்ட் போன இரவுகளைத் தாண்டியவர்களுக்கு
அது என்ன பெரிய புழுக்கம்.
குளியலறை பொது. இருக்கட்டும்,
கல்யாணமாகி ஒன்பது வருஷம்
நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருந்த வீட்டில்
வாளி வைத்து வரிசை பிடித்தவள் நான்.
டாக்சி: அடித்தாச்சு. ரயில்.
பாஸ்போர்ட்டுக்கு வீடு பார்க்க வந்தவர்
"டூரா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.
அவருக்குக் கொடுத்தது
எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

அங்கே கால்வாயில் படகு ஓடுகிறதாம்,
பஸ் மாதிரி, பஸ் விலையில்.
ஆபீஸ் போகிறவர்கள் ஏறி இறங்குவதை
வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.
"தண்ணி கருப்பாதான் கீது" என்றார்.
பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனார்.
கீழே பக்கிங்காம்.
தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு, அசையாமல்.
"இதுல உட்டா என்னவாம்?"
யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.
நான் நாலு நாளைக்கும் படகு என்று எழுதினேன்.

கடைசியாக சீட்.
தள்ளி எடுத்த சீட்டு இல்லை, உட்காருகிற சீட்.
கேட்காவிட்டால் அவர்களே எங்காவது போடுவார்கள், காசில்லை.
ஜன்னல் என்றால் அறுநூற்றைம்பது.
"நடுவுலயே போதும், தூங்கத்தானே போறேன்."
கொஞ்ச நேரம் கழித்து,
"மேல ஏறச்சொல்ல நம்ம பக்கம் தெரியுமா?"

தாளைத் திரும்ப எடுத்தேன்.
அந்த ஊரை உச்சியிலிருந்து பார்க்க
ஒரு கட்டடம், ஒரு லிஃப்ட்,
தலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்.
அடித்தேன்.
பேனா மறுபக்கம் போய்
கிரியாட்டினினையும் சேர்த்து அடித்தது.

சரி, இடதா வலதா?
ஜெராக்ஸ் கடைப் பையன் காற்றைப் பொறுத்தது என்றான்.
காற்றென்றால் ஜெனோவாவின் புருஷன்தான்,
இருபது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர்.
"அன்னிக்கி வாடதான் அடிக்கும்.
ஏரோப்ளேன் எந்தப் பக்கம் திரும்பும்னு
என்னக் கேட்டா?"

இடது போட்டேன்.

ராத்திரி பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஏறுகிறது.
ஹார்பர் விளக்கு தெரியலாம்,
படகு விளக்கு ரெண்டு மூன்று.
எங்கள் தெரு?
மாடியில் ஒரு பல்பை
எரியவிட்டுப் போகலாமா என்கிறார்,
ஷீட் போடாத மாடியில்.

நாலு ராத்திரிக்கு எத்தனை யூனிட் என்று
இன்னும் நான் எழுதவில்லை.